அரைக்கட்டை இறக்கினால் துரோகமா?

அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழு மெட்டாலிக்கா பற்றிய சண்டை நம்ம பயலுவளுக்குள்ள ஓய்ந்தபாடில்லை. மார்த்தாண்டத்தில் ஒரு டீக்கடை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஒருத்தன் போனில் 1991 செப்டம்பரில் மாஸ்கோ துஷினோ விமானத் திடலில் அவர்கள் வாசித்த வீடியோவை ஓட விடுகிறான். அது முடிந்ததும் இன்னொருத்தன் சமீபத்திய ஒன்றை ஓட விடுகிறான். பிறகு தீர்ப்பு. "பாத்தியளா அண்ணே, லார்ஸுக்கு கை ஓடல்ல. ஹெட்ஃபீல்டுக்கு தொண்டை போச்சு. சுருதியையே கொறச்சு வாசிக்கானுவ. இதுக்கு எதுக்கு டூரு?"

லார்ஸ் குழுவின் டிரம்மர், ஹெட்ஃபீல்டு பாடகரும் கிட்டாரும். அங்கே பாதிதான் பேச முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

ஸ்டுடியோவில் அவர்கள் யோசித்து எடுத்த முடிவுகள் வேறு. மேடையில் வயது செய்கிற வேலை வேறு. ரெண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி "பழைய மெட்டாலிக்கா செத்துப்போச்சு" என்று எழுதுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முடிவுகளைத் திட்டுவதாக இருந்தால் நானும் கூட வருகிறேன். 1986-ல் சுவீடனில் பஸ் கவிழ்ந்து குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்துபோனார். அவர் இடத்துக்கு வந்த ஜேசன் நியூஸ்டெட் வாசித்த முதல் முழு ஆல்பம், 1988-ல் வந்த 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்'. அதில் அவருடைய பேஸ் கிட்டாரை ஹெட்போன் மாட்டிக்கொண்டு தேடணும். 2018-ல் திரும்ப வெளியிட்டபோதும் மிக்ஸிங்கில் கை வைக்கவில்லை. ரசிகர்களே பேஸைத் தூக்கிவைத்து இணையத்தில் ஏற்றிக்கொண்டார்கள். 2003-ல் 'செயின்ட் ஆங்கர்'. ஸ்னேர் டிரம்முக்கு அடியில் ஒட்டி நிற்கிற கம்பிகளை விலக்கிவிட்டு அடித்ததால் ஆல்பம் முழுக்க டங் டங் என்று ஒரே சத்தம். கிட்டார் சோலோ ஒன்றுகூட இல்லை. 2008-ல் 'டெத் மேக்னடிக்'. பாட்டுகள் அருமை, ஆனால் சத்தத்தை ஏற்றி ஏற்றி ஒலியையே நசுக்கிவிட்டார்கள். அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' என்கிற வீடியோ கேமில் தெளிவாகக் கேட்டன. ஒலியைத் திருத்தித் திரும்ப வெளியிடச் சொல்லி ஆயிரக்கணக்கான பேர் மனுப் போட்டார்கள். கோபத்தில் நியாயம் இருந்தது. 1996-ல் முடி வெட்டிக்கொண்டு 'லோட்' போட்டதைத் திட்டுபவர்களோடு மட்டும் நான் சேர மாட்டேன், அந்த ஆல்பம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

இனி மேடைக்கு வருவோம். தொண்ணூறுகளின் நடுவிலிருந்தே மேடையில் அவர்கள் கிட்டாரை அரை சுருதி இறக்கித்தான் வாசிக்கிறார்கள். நம்ம கணக்கில் சொன்னால் மூன்று கட்டை இரண்டரைக் கட்டை ஆகியிருக்கிறது. வயது ஏற ஏற எத்தனை கர்நாடக வித்வான்கள் கட்டை இறக்கிப் பாடியிருக்கிறார்கள்! அதற்காக யாராவது சபாவை விட்டு எழுந்து போனார்களா? அவ்வளவு தூரம் போக வேண்டாம். சுருதியைக் கிண்டல் பண்ணின அதே தம்பிதான் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் கீபோர்டு. முதல் சரணத்திலேயே மேல் ஸ்தாயியில் சித்திமாருக்குக் கழுத்து நரம்பு புடைத்தால், அடுத்த பாட்டுக்குள்ளே டிரான்ஸ்போஸ் பட்டனைச் சத்தமில்லாமல் ஒரு தட்டுத் தட்டுவான். திரையில் மைனஸ் ஒன்று, அதாவது அரைக்கட்டை இறக்கம். அந்த அன்பை ஹெட்ஃபீல்டுக்கும் கொடு மக்கா.

2011 அக்டோபர் 30, பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் மெட்டாலிக்கா நிகழ்ச்சி. ரெண்டு நாள் முன்னால் குர்கான் நிகழ்ச்சி நடக்காமல் போய், கூட்டம் மேடையை அடித்து நொறுக்கியிருந்தது. நாகர்கோவிலிலிருந்து ரயிலேறிய எங்களுக்கு வழியெல்லாம் அதே பயம். நான் நின்ற இடம் ரொம்பத் தூரம். பெரிய திரையில் லார்ஸின் குச்சி சிம்பலில் படும், சத்தம் ஒரு நொடிக்குள் பின்னாலேயே வந்து நெஞ்சில் இடிக்கும். ஹெட்ஃபீல்டுக்கு அப்போதே 48 வயது. கிட்டார் அன்றைக்கும் இரண்டரைக் கட்டைதான். அந்தக் கூட்டத்தில் அதைப் பற்றி யாருக்குக் கவலை?

2022 மே மாதம் பிரேசிலில் பெலோ ஹொரிசோன்ட்டே மேடையில் ஹெட்ஃபீல்டு பேசிய வீடியோவை இந்தப் பயலுவ பார்த்திருக்க மாட்டார்கள். தனக்கு வயதாகிவிட்டது, இனி வாசிக்க முடியாது என்று மேடைக்கு வருவதற்கு முன் மனசு தளர்ந்துபோனதாக அத்தனை ஆயிரம் பேர் முன்னால் சொல்கிறார். கூட இருப்பவர்களிடம் அதைச் சொன்னதாகவும், கட்டிப்பிடித்து, மேடையில் நீ தடுமாறினால் நாங்கள் இருக்கிறோம் என்று அவர்கள் சொன்னதாகவும் சொல்கிறார். அவர் சொல்லி முடிப்பதற்குள் மற்ற மூன்று பேரும் வந்து அணைத்துக்கொள்கிறார்கள். டீக்கடையில் நாம் சிரித்துக்கொண்டே சொன்னதை அந்த மனுஷன் தனக்குத்தானே சொல்லி நொந்துபோயிருக்கிறார். அதற்கு அடுத்த வருஷமே வட்ட மேடை போட்டு, நாலு திசைக்கு நாலு டிரம் செட் வைத்து, ஒரே ஊரில் ரெண்டு ராத்திரி, ஒரு பாட்டுக்கூடத் திரும்ப வராமல் வாசிக்கக் கிளம்பினார்கள். அறுபதை எட்டும் வயதில்!

லார்ஸ் வேகமான இடங்களில் அடிகளைக் குறைத்துக்கொள்கிறார், உண்மைதான். சில இடங்களில் தாளம் முந்துகிறது, அதுவும் உண்மை. ஆரம்பத்தில் ஓட விடுகிற ஒலிப்பதிவுகளை விட்டுவிட்டுப் பார்த்தால், தப்பு விட்டால் தப்பு அப்படியே கேட்கிறது. எனக்கு அதுதான் வேண்டும். நம்ம ஊர்த் திருவிழா கானமேளாவில் முன்பெல்லாம் டிரம்பெட், வயலின், காங்கோ என்று வரிசையாக ஆள் உட்கார்ந்து வாசிப்பார்கள். இப்போது பல மேடைகளில் லேப்டாப்பில் டிராக், முன்னால் ரெண்டு பாடகர்கள். சுருதி விலகாது, தாளம் தப்பாது, வாசிக்கிறவர்களுக்குத்தான் பிழைப்புப் போய்விட்டது. ரசிகன் கோபப்பட வேண்டிய இடம் அது.

மாஸ்கோ வீடியோவில் ஹெட்ஃபீல்டுக்கு 28 வயது. அந்த வீடியோவை எத்தனை தடவை போட்டாலும் நான் உட்கார்ந்து பார்ப்பேன். அதை வைத்து இன்றைய ஆளை அடிக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

'செயின்ட் ஆங்கர்' பிடிக்கும் என்பவர்கள் யாராவது இருந்தால் ஏன் பிடிக்கும் என்று கமென்ட்டில் எழுதுங்கள். நல்ல ஹெட்போனில் திரும்பவும் முழுசாகக் கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறேன்.