எடையைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள்

வாடகை அறையில் கஞ்சாவோடு மூன்று மாணவர்கள் போலீஸிடம் பிடிபட்ட கதையை நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. 'கஞ்சா வியாபாரிகள்' என்று முகநூலில் போட்டு அவர்களின் முகங்களைப் பகிர்ந்தவர்களில் என் நண்பர்களும் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் ஆசிரியர்கள் என்பதால்தான் எழுதுகிறேன். கைப்பற்றியது எவ்வளவு, அது யார் வசம் இருந்தது என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா?

வழக்கறிஞர்களான நாங்கள் என்.டி.பி.எஸ். என்று சொல்லும் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் முதலில் கேட்பது அதைத்தான். கஞ்சா ஒரு கிலோவுக்குக் குறைவாக இருந்தால் அது சிறிய அளவு. அதிகபட்சம் ஓராண்டுச் சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. 10 ஆண்டுக்குக் குறையாமல் 20 ஆண்டு வரை கடுங்காவல், ஜாமீனுக்கும் 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டு வரை. பழக்கத்துக்கு ஆளானவனையும் கடத்தல்காரனையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்றுதான் 2001-இல் திருத்தம் வந்தது. நாடாளுமன்றத்துக்குத் தெரிந்த இந்த வேறுபாடு நம் முகநூல் நீதிபதிகளுக்கு மட்டும் தெரியவில்லை.

அடுத்தது வசம். ஒருவன் கட்டிலுக்கடியில் இருந்த பொட்டலம், அதே அறையில் படுத்துறங்கினான் என்பதற்காக மட்டும் மற்றவனுடையதாகிவிடாது. அவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அவன் கட்டுப்பாட்டிலும் இருந்திருக்க வேண்டும். அதை அரசுத் தரப்பு முதலில் நிறுவிய பிறகே, 35, 54 பிரிவுகளின்படி, தான் குற்றமற்றவன் என்று நிரூபிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவன் தலையில் ஏறும். ஏறினால் இறக்குவது கடினம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"குற்றமில்லாதவனைப் போலீஸ் ஏன் பிடிக்கப் போகிறது?" என்பீர்கள். பிடித்ததாலேயே குற்றம் நிரூபணமாகிவிடாது. இந்தச் சட்டத்தில் அதிகாரிகளிடம் கொடுத்த வாக்குமூலத்தை ஒப்புதலாகக் கொண்டு தண்டிக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அந்த வழக்கு நம் தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். "பள்ளி வாசலிலேயே விற்கிறார்களே?" விற்பவனுக்கு இருபது ஆண்டு கொடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், நீதிமன்றத் தாழ்வாரத்தில் ஓர் அம்மா ஒயர்கூடையோடு நின்றிருந்தார். மகன் பத்து வருஷம் வெளியே வரமாட்டான் என்று உறவினர்கள் சொன்னதை நம்பி, 'முடித்துத் தருகிறேன்' என்ற ஓர் இடைத்தரகரிடம் நகையை அடகு வைத்த பணத்தைக் கொடுத்திருந்தார். கைப்பற்றியதைப் போலீஸ் எழுதிவைத்த மகஜரைப் பிரித்து எடையை வாசித்துக் காட்டினேன்: நாற்பது கிராம். "அப்போ எம் புள்ள வந்துருவானா சார்?" என்றார். வந்தான், அபராதம் கட்டினான், வழக்கு முடிந்தது. ஆனால் அவன் படம் வாட்ஸ்ஆப்பில் சுற்றியதில் அவன் தங்கையின் நிச்சயதார்த்தம் நின்றுபோனது. அந்தப் பெண் எந்தப் பிரிவின் கீழ் தண்டிக்கப்பட்டாள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இதைச் சொன்னால் 'கஞ்சா வக்கீல்' என்று ஒருவர் எழுதுகிறார், அதற்கு எழுபது பேர் சிரிப்புக்குறி போடுகிறார்கள். சிரியுங்கள். என் மகளும் விடுதியில்தான் படிக்கிறாள். நாளைக்கு அவள் அறைத்தோழியின் பெட்டியில் போலீஸ் எதையாவது கண்டெடுத்தால், இதே எழுபது பேர் அவள் முகத்தையும் பகிர்வார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

இதே சட்டத்தில் 64அ என்றொரு பிரிவும் இருக்கிறது. போதைக்கு அடிமையானவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கினாலும், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் தாமாகவே சேர்ந்து சிகிச்சை பெற்றால் அந்தக் குற்றத்துக்கு வழக்கு நடத்த முடியாது. இதை யாராவது பகிர்ந்து பார்த்திருக்கிறீர்களா? மகனை மருத்துவரிடம் அழைத்துப்போனாலே விஷயம் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து கதவைச் சாத்திக்கொண்ட வீடுகள் என் தெருவிலேயே இருக்கின்றன. அந்தப் பெற்றோரிடம் நான் எதைக் காட்டித் தைரியம் சொல்வது, உங்கள் பதிவுகளையா?