ஐந்து வருட அரசு, அறுபது வருட உலை

ஆஸ்திரியாவில் ஸ்வென்டென்டார்ஃப் என்ற ஊரில், டான்யூப் கரையில் ஓர் அணுமின் நிலையம் நிற்கிறது. முழுசாகக் கட்டி முடித்தாயிற்று, ஓட்டுவதுதான் பாக்கி. 1978 நவம்பரில் வாக்கெடுப்பு வைத்தார்கள். 50.5 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஒரு யூனிட்கூடத் தராமலே கடையைக் கட்டியாயிற்று. எரிபொருள் எரிந்ததே இல்லை என்பதால் இன்று சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் உலைக்குள்ளேயே எட்டிப் பார்க்கலாம். பாகங்களைக் கழற்றி ஜெர்மனியிலிருந்த அதே ரக உலைகளுக்குக் கொண்டுபோனார்கள். வளாகத்தில் இப்போது சோலார் பலகைகள்!

அந்த மக்கள் சொன்னது சரியா தப்பா என்று நான் சண்டைக்கு வரவில்லை. கல்யாணம் முடிந்தபிறகு ஜாதகம் பார்த்ததுதான் உறுத்துகிறது.

ஜெர்மனியைப் பாருங்கள். 2002-ல் அணு உலைகளைப் படிப்படியாக மூடச் சட்டம். 2010-ல் சான்சலர் மெர்க்கலின் அரசு உலைகளின் ஆயுளை நீட்டித்தது. ஆறே மாதத்தில் ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து. சில மாதங்களில் ஜெர்மனியில் எட்டு உலைகளுக்குப் பூட்டு. இத்தனைக்கும் மெர்க்கல் இயற்பியல் படித்தவர். உலை என்றால் என்னவென்று யாரும் அவருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்தக் குழப்பத்துக்கு மின் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 240 கோடி யூரோ இழப்பீடு தர 2021-ல் ஒப்புக்கொண்டார்கள். கடைசி மூன்று உலைகள் 2023 ஏப்ரல் 15 அன்று அணைந்தன. நிலக்கரி நிலையங்கள் ஓடிக்கொண்டிருந்தன. முதலில் எதை மூடியிருக்க வேண்டும் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும்.

"அப்போ நீ அணு உலைக் கட்சியா?" என்று கேட்க ஆள் வரும். பொறுங்கள். பிரான்ஸில் ஃபிளமன்வில் மூன்றாவது உலையை 2007-ல் தொடங்கினார்கள், 2012-ல் முடிப்பதாகச் சொன்னார்கள். மின்தொகுப்பில் சேர்ந்தது 2024 டிசம்பரில். இதற்கு நடுவே 2015-ல் அணு மின்சாரத்தின் பங்கை 50 சதவீதமாகக் குறைக்கச் சட்டம் போட்டார்கள். 2022-ல் புதிதாக ஆறு உலை கட்டப்போவதாக அதிபர் மக்ரோன் அறிவித்தார். உலை கட்டத் தெரிந்த வெல்டரும் பொறியாளரும் இந்த ஊசலாட்டத்தில் எத்தனை நாள் காத்திருப்பார்கள்?

சூரியனுக்கும் இதே கதிதான். ஸ்பெயின் 2007-ல் சோலாருக்குத் தாராளமாக விலை அறிவித்தது, கூட்டம் மொய்த்தது. பிறகு, ஏற்கெனவே போட்ட பலகைகளுக்கும் சேர்த்தே விலையை வெட்டியது. முதலீட்டாளர்கள் சர்வதேச நடுவர் மன்றம் வரை போனார்கள்.

என் கட்சி இதுதான்: பாதுகாப்பாக ஓடும் உலை ஓடட்டும், புதுப் பணத்தில் பெரும்பங்கு காற்றுக்கும் சூரியனுக்கும் மின்சாரம் கொண்டுபோகும் கம்பிக்கும் போகட்டும். கம்பியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். ஜெர்மனியில் காற்று வடக்கே, தொழிற்சாலை தெற்கே. இரண்டையும் இணைக்கும் சூட்லிங்க் மின்பாதை 2022-ல் முடிந்திருக்க வேண்டும். உயரக் கோபுரம் கூடாது என்று தெற்கு மாநிலமான பவேரியா மல்லுக்கட்ட, 2015-ல் மண்ணுக்கடியில் புதைக்கலாம் என்று மாற்றி, திட்டத்தையே முதலிலிருந்து போட்டார்கள். இப்போது 2028 என்கிறார்கள். அதுவரை வடக்கே காற்று பலமாக அடிக்கும் நாட்களில் காற்றாலையை நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தியதற்கும் காசு கொடுக்கிறார்கள்.