"ஜூம் பண்ணு, கிளியர் பண்ணு"

நேற்று பார்த்த போலீஸ் தொடரிலும் அதே காட்சி. மங்கலான சிசிடிவி. "ஜூம் பண்ணு, இன்னும் கிளியர் பண்ணு" என்கிறார் இன்ஸ்பெக்டர். கீபோர்டில் நாலு தட்டு, நம்பர் பிளேட் பளிச்சென்று வந்துவிடுகிறது. என்னால் அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

வீடியோ பதிவாகும்போதே சுருக்கப்படுகிறது. படத்தைச் சின்னக் கட்டங்களாக வெட்டி, கண் அவ்வளவாகக் கவனிக்காத நுணுக்கங்களைக் கழித்துவிடுவார்கள். 1974இல் நசீர் அகமது, நடராஜன், ராவ் மூவரும் வெளியிட்ட கணக்கு முறைதான் இதற்கு அடிப்படை. ஜேபெக் என்ற பட வடிவம் முதல் ஹெச்.264 என்ற வீடியோ வடிவம் வரை அதன் வழி வந்தவை. கழித்தது கழித்ததுதான், திரும்ப வராது. இன்னொன்று, பெரும்பாலான ஃபிரேம்கள் முழுப் படமே கிடையாது. "முன்னால் இருந்ததை அப்படியே வை, இந்தத் துண்டை மட்டும் கொஞ்சம் நகர்த்து" என்கிற குறிப்புகள்தான். இருட்டில், மட்டமான தரத்தில் ஓடும் கேமராவுக்கு ஒரு சின்னக் கையசைவு 'மாற்றம் இல்லை' என்றே கணக்காகிவிடலாம். அந்தக் கையில் கத்தி இருந்திருந்தால்? இதைவிட நல்ல முடிச்சு ஒரு கதாசிரியருக்கு எங்கே கிடைக்கும்?

நிஜத்தில் நடந்தும் இருக்கிறது. 2021 நவம்பர், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கெனோஷா நகரம், கைல் ரிட்டன்ஹவுஸ் என்ற இளைஞர் மீதான கொலை வழக்கு. அவர் முதலில் துப்பாக்கியை நீட்டி மிரட்டினாரா என்பதற்கு அரசுத் தரப்பு நம்பியது ஒரு ட்ரோன் வீடியோவை. அவர்களிடம் இருந்த கோப்பு 11.2 மெகாபைட், ரிட்டன்ஹவுஸின் வக்கீல்கள் கைக்கு வந்தது 3.6 மெகாபைட். ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்குப் போகும் வழியில் சுருங்கிவிட்டது என்றது அரசுத் தரப்பு. விசாரணையையே ரத்து செய்யக் கேட்டார்கள் வக்கீல்கள். படத்தைப் பெரிதாக்கும்போது மென்பொருள் புதிதாகச் சேர்க்கும் பிக்சல்களை நம்பலாமா என்றும் அதே நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. ரத்து மனு மீது முடிவு வருவதற்குள், 19ஆம் தேதி ஜூரி அவரை விடுதலை செய்துவிட்டது. ஒரு கோப்பின் அளவை வைத்து இவ்வளவு பதற்றம்! எந்தத் தொடரிலாவது இப்படி ஒரு காட்சி வந்திருக்கிறதா?

2024இல் வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுன்ட்டியில், செயற்கை நுண்ணறிவால் மெருகேற்றிய செல்போன் வீடியோவைச் சாட்சியமாக ஏற்க ஒரு நீதிபதி மறுத்தார். சரியான முடிவு. அந்த மென்பொருள் காட்டுவது அன்று அங்கே இருந்த முகத்தை அல்ல, இருந்திருக்கக்கூடிய ஒரு முகத்தை. அந்த ஊகத்தை நம்பி ஒருவரை உள்ளே தள்ளிவிடலாம் என்பதுதான் என் பயம். தொடர்களில் இதையே பார்த்துப் பழகியவர்கள் அதைக் கேள்வி கேட்பார்களா?

எனக்கு ஒரு காட்சி வேண்டும். ஸ்டேஷனில் எல்லார் போனிலும் வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த அதே கிளிப், யாருக்கும் முகம் தெரியவில்லை. ஒரு கான்ஸ்டபிள் மட்டும் கேமரா வைத்திருக்கும் கடைக்காரரிடம் போய், அசல் பதிவு இருக்கும் டிவிஆர் பெட்டியைக் காட்டிக் கேட்கிறார்: "அண்ணே, டிவிஆர்ல பழசு எத்தனை நாள் இருக்கும்?" "பதினைஞ்சு நாள் சார். அப்புறம் அதுமேலயே ஏறிடும்." அன்று பதினைந்தாவது நாள்.