பாலாற்று மாசின் சுமை: ஒரு திருத்தம்

தோல் ஆலை மாசை பாலாற்றங்கரை ஊர்களான ஆம்பூர், வாணியம்பாடி மக்கள் அனைவரும் சமமாகவே சுமந்தார்கள் என்றும், 1996 தீர்ப்போடு அந்தக் கணக்கு தீர்ந்தது என்றும் சொல்லப்படுவது சரியல்ல. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் அரசு அதை வழங்கி, ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. சுமை சமம் என்பது அதைவிடப் பெரிய பிழை. ஆலைக் கழிவுநீரின் வழக்கமான சுத்திகரிப்பில், தோல் பதனிடச் சேர்க்கும் குரோமியம் பெருமளவு பிரிந்துவிடும், கரைந்த உப்பு பிரியாது. அந்த உப்பு இறங்கிய கிணற்றுநீரைப் பாய்ச்சினால் வரப்போரம் வெள்ளையாகப் பூத்து, நாற்றின் நுனி கருகும். வசதியுள்ளவர் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம்; ஆற்றோரத்துச் சிறு விவசாயி தம் கிணற்றை மாற்றிக்கொள்ள முடியாது.