முதல் மால் நம்மைக் குழப்பவா கட்டப்பட்டது?

'வாடிக்கையாளர் வழி தெரியாமல் சுற்றி, கண்டதையும் வாங்கட்டும் என்றே கட்டடக் கலைஞர் விக்டர் க்ரூவன் ஷாப்பிங் மாலை வடிவமைத்தார்' என்றொரு செய்தி பரவுகிறது. இது தவறு.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் ஈடைனாவில் க்ரூவன் வடிவமைத்து 1956இல் திறக்கப்பட்ட சவுத்டேல்தான் முழுக்கக் கூரையிட்டு, உள்ளே வெப்பநிலை சீராக வைக்கப்பட்ட முதல் பிராந்திய மால் (சுற்றுவட்டாரம் முழுமைக்குமான பெரிய மால்). கூரைக்குக் காரணம் சூழ்ச்சியல்ல, அந்த ஊரின் கடுங்குளிர். உள்ளே டேட்டன்ஸ், டொனால்ட்சன்ஸ் என்ற இரு போட்டிப் பெருங்கடைகள். நடுவே மரஞ்செடிகளும் பறவைக் கூண்டும் கொண்ட முற்றம். குழப்ப நினைப்பவர் நடுவில் இப்படியொரு விசாலமான முற்றத்தை வைப்பாரா என்ன?

க்ரூவன் திட்டத்தில் வீடுகள், பள்ளி, மருத்துவ வசதி, பூங்காவும் இருந்தன. கட்டப்பட்டதோ பெரும்பாலும் கடைகளும் கார் நிறுத்துமிடமும்தான். 1978இல் அவரே இத்தகைய மால்களுக்குத் தாம் பொறுப்பல்ல என்று கைகழுவினார். 'க்ரூவன் விளைவு' என்று அவர் பெயரையே வாடிக்கையாளரைக் குழப்பி வாங்கவைக்கும் உத்திக்குச் சூட்டியது கொஞ்சம் அநியாயம்தான்.