பாவம், வெந்தயம்

போன மாதம் அக்கா வீட்டில் வெந்தயக் களி கிண்டினார்கள். நடுவில் குழி பறித்து நல்லெண்ணெயும் கருப்பட்டிப் பாகும் ஊற்றி எனக்குத் தந்த அக்காவின் மாமியார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேரனுக்கு மட்டும் இட்லி வைத்தார். அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடமாகிறது, இன்னும் குழந்தை இல்லை. வெந்தயம் குளிர்ச்சி, ஆண்மைக்கு ஆகாது என்பது பாட்டியின் கணக்கு. ஐம்பத்து மூன்று வயதான என்னைப் பற்றி அவருக்கு அந்தக் கவலை இல்லை போலும்.

சாப்பிட்டதும் பையன் என்னை மாடிக்கு அழைத்துப் போய் ஒரு டப்பாவைக் காட்டினான். ஜிம்மில் வாங்கியது, இரண்டாயிரத்துச் சொச்சம். ஆண் ஹார்மோனை உயர்த்துமாம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். வெந்தயச் சாறு! கீழே ஆண்மையைக் கெடுக்கும் சாமான், மாடிப்படி ஏறியதும் ஆண்மையை வளர்க்கும் மருந்தாகிவிட்டது. (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான்.)

இருபத்தைந்து வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் நான். வெந்தயத்தோடு எனக்கு மூக்குப் பழக்கமே உண்டு. சில சிறுநீர் டப்பாக்களைத் திறந்தால் பாகு காய்ச்சியது போல் இனிப்பு வாசனை வரும். காலையில் வெந்தயம் விழுங்கினீர்களா என்று கேட்டால் ஆள் திகைத்துப்போவார். வெந்தயத்திலுள்ள சோட்டோலோன் என்ற மணப்பொருளின் வேலை அது.

டப்பாக்காரர்கள் பேசுவது சபோனின்கள் என்ற தாவரப் பொருள்களைப் பற்றி. வெந்தயத்திலுள்ள டயோஸ்ஜெனின், ஸ்டீராய்டு ஹார்மோன்களின் சாயல் கொண்டது. 1940களில் அமெரிக்க வேதியியலாளர் ரஸ்ஸல் மார்க்கர் மெக்சிகோவின் காட்டுக் கிழங்கிலிருந்து இதை எடுத்துத்தான் புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோனைத் தயாரித்தார். ஆனால் அது ஆய்வகக் குடுவையில் பல படிகளாக நடந்த வேலை. நம் உடம்பு அந்த வித்தையைச் செய்யாது.

ஆய்வுகளே இல்லையா என்றால், இருக்கின்றன. 2011இல் ஆஸ்திரேலியாவில் 60 ஆண்களிடம் ஆறு வாரம் நடந்த ஆய்வில் தினமும் 600 மில்லிகிராம் சாறு தந்தார்கள். பாலுறவு நாட்டம் கூடியது என்றார்கள், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இருந்த இடத்திலேயே இருந்தது. 2016இல் 43 முதல் 70 வயது வரையுள்ள 120 பேரிடம் பன்னிரண்டு வாரம் தந்தபோது ஹார்மோன் ஓரளவு உயர்ந்தது. 2017இல் 50 பேரிடம் நடந்த இன்னொன்றில் ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மாத்திரைக் குழுவே கிடையாது. இத்தகைய ஆய்வுகள் பலவற்றுக்குப் பணம் தந்தவர்கள் சாற்றை விற்பவர்கள்தான் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

பாட்டியின் கட்சிக்கும் ஓர் ஆய்வு உண்டு. 2006இல் முயல்களுக்குத் தீவனத்தில் 30 சதவீதம் வெந்தயம் கலந்து கொடுத்ததில் விரைகள் பாதிக்கப்பட்டு விந்தணு குறைந்தது. தட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெந்தயம்! எந்த வீட்டிலும் தினமும் எல்லா வேளையும் அவ்வளவு வெந்தயம் சாப்பிடுவதில்லை. சர்க்கரை மாத்திரையோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ எடுப்பவர்கள் சாற்றுக் குப்பியைத் தொடுமுன் மருத்துவரிடம் கேட்கட்டும். மற்றபடி குழம்பில் தாளிக்கிற வெந்தயம் யாரையும் ஆக்கவும் செய்யாது, அழிக்கவும் செய்யாது.

அதே ஜிம்களில் சிலர் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசிதான் பயப்பட வேண்டியது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை விரைகளுக்கு அனுப்பும் கட்டளையைக் குறைத்துவிடும். புஜம் பெருக்கும், விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் வரைகூட இறங்கும். இதைப் பற்றி எந்தப் பாட்டியும் எச்சரிப்பதில்லை.

குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்கள் எங்கள் கூடத்துக்குத் தடித்த கோப்போடு வருகிறார்கள். ஸ்கேன், ஹார்மோன், கருக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் இருக்கும். கணவரின் விந்தணுப் பரிசோதனைத் தாள் ஒன்று கூட இருக்காது. அவருக்கு வேண்டியது ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஒரு காலைப் பொழுது, சில நூறு ரூபாய். ரசீதில் நண்பன் பெயரைப் போட முடியுமா என்று கேட்டவரையும் பார்த்திருக்கிறேன். விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும் என்பதால், ஒரு டப்பாவை நம்பி மூன்று மாதம், அடுத்ததை நம்பி மூன்று மாதம் என்று மனைவியின் வயதுதான் ஓடுகிறது.

மாடியில் பையனிடம் கேட்டேன். மனைவிக்கு நான்கு முறை பரிசோதனை ஆகியிருந்தது, இவனுக்கு ஒருமுறையும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை வந்துவிடு, நானே பார்க்கிறேன் என்றேன். டப்பாவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

"இன்னும் பாதி இருக்கிறது மாமா. முடித்துவிட்டு வரட்டுமா?"