மணல் மேடு ஏற டிராக் என்ஜின் கட்டாதீர்கள்

குளிர் தொடங்கியாச்சு. அபுதாபியின் லிவா பக்கம் மொரீப் மணல் மேட்டுக்குப் போவதற்காக இங்கே அமீரகத்துப் பட்டறைகளில் நான்கு சக்கரக் குவாட் பைக்குகள் வரிசைகட்டி நிற்கின்றன. வண்டியை இறக்கியதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை ஹெச்பி வரும்?" அரபிப் பையன்களும் இதைத்தான் கேட்கிறார்கள், நம்ம ஊர்ப் பையன்களும் இதைத்தான் கேட்கிறார்கள். மேடு ஏறுகிறவன் கேட்கக் கூடாத கேள்வி இது. அந்தப் பவர் எத்தனை நொடி தாங்கும், ஆர்பிஎம் (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் வேகம்) விழுந்தால் என்ஜின் மறுபடி எழுமா என்று கேளுங்கள். டிராக் (drag) என்பது சமதள மணலில் நேர்கோட்டில் ஓடும் குறுந்தூரப் போட்டி. ஒரே என்ஜினைக் காட்டி "டிராக்குக்கும் ஓடும், மேட்டுக்கும் ஓடும்" என்று விற்கிற பட்டறைகள் மீது எனக்குக் கடுமையான கோபம் உண்டு. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

யமஹா பன்ஷியையே எடுத்துக்கொள்வோம். 1987-இல் வந்த வண்டி. அமெரிக்காவில் 2006 மாடலோடு நிறுத்திவிட்டார்கள், ஆனால் மணலில் இன்றைக்கும் அதற்கு மவுசு குறையவில்லை. இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், தண்ணீர்க் குளிர்ச்சி, 347 சிசி. போர் (சிலிண்டரின் விட்டம்) 64 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 54 மி.மீ. இந்த எண்களைப் பார்த்ததும் நம்ம ஊர் பழைய மெக்கானிக்குகளுக்குப் பொறி தட்டும். ராஜ்தூத் ஆர்டி 350-க்கும் இதே அளவுதான். அது காற்றுக் குளிர்ச்சி, இது தண்ணீர். ஆனாலும் ஒரே யமஹா குடும்பம். சோழவரம் பந்தயங்களில் அந்த வண்டிகளின் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது சட்டென்று பிடிபடும்.

மணல் டிராக் என்றால் அமெரிக்காவில் வழக்கமான தூரம் 300 அடி. நல்ல வண்டிக்கு நான்கைந்து நொடி வேலை. என்ஜின் சூடாகி முடிப்பதற்குள் ஓட்டமே முடிந்துவிடும். அதனால் எக்ஸாஸ்ட் போர்ட்டை (சிலிண்டரில் புகை வெளியேறும் வாயில்) உயரமாக அறுக்கலாம், ஹெட்டை இறுக்கிக் கம்ப்ரஷனை ஏற்றலாம், இக்னிஷன் டைமிங்கை முன்கூட்டியே வைக்கலாம், மெயின் ஜெட்டைக் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) கொஞ்சம் சிறிதாகவே போடலாம். எடை குறைய ரேடியேட்டரைக் கூடக் கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. பவர் முழுவதும் பத்தாயிரம் ஆர்பிஎம்மைச் சுற்றி ஒரு குறுகிய இடத்தில் குவிந்திருக்கும். கீழே ஒன்றும் இருக்காது. இருக்க வேண்டியதும் இல்லை, ஏனென்றால் சமதளத்தில் ஓடும் வண்டியை என்ஜின் ஒரு கணம் தடுமாறினாலும் அதன் ஓட்டமே முன்னால் கொண்டுபோகும்.

மேட்டில் அந்தக் கருணை கிடையாது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டியும் ஆளும் சேர்ந்து 250 கிலோ. சரிவு 30 டிகிரி. பின்னால் இழுக்கிற புவியீர்ப்பு விசை மட்டும் சுமார் 1,225 நியூட்டன். அதை எதிர்த்து 80 கி.மீ. வேகத்தில் ஏற 27 கிலோவாட் தேவை, அதாவது 36 ஹெச்பி. கம்பெனியிலிருந்து வரும் பன்ஷியின் மொத்தப் பவரே கிட்டத்தட்ட அவ்வளவுதான்! மணலின் தடை, டயர் வழுக்கல், காற்று எதையும் இதில் நான் சேர்க்கவே இல்லை. இத்தனையும் போக மிச்சம் இருந்தால்தான் வண்டி வேகம் எடுக்கும். மொரீப் மேட்டின் சரிவு 50 டிகிரி என்று விளம்பரங்களில் போடுகிறார்கள். காய்ந்த மணல் தானாக நிற்பது சுமார் 34 டிகிரி வரைக்கும்தான் என்பதால் அந்த எண்ணை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் 30 டிகிரியே ஒரு என்ஜினைக் கொல்லப் போதும்.

இப்போது கியர் மாற்றுவதைப் பாருங்கள். இதுதான் முழு விஷயத்தின் உயிர்நாடி. பத்தாயிரத்தில் அடுத்த கியர் போட்டால் ஆர்பிஎம் எட்டாயிரத்துச் சொச்சத்துக்கு விழும். டிராக் போர்ட்டிங் செய்த என்ஜினில் அந்த எட்டாயிரத்தில் இழுவையே இருக்காது. சமதளத்தில் அரை நொடியில் மேலே வந்துவிடும். மேட்டிலோ அந்த அரை நொடிக்குள் மணல் வேகத்தைத் தின்றுவிடும், ஆர்பிஎம் இன்னும் விழும், இழுவை இன்னும் குறையும். மறுபடி கீழ் கியர் போடுவதற்குள் வண்டி நின்றுவிடும். டைனோ (பவர் அளக்கும் கருவி) தாளில் 90 ஹெச்பி காட்டிய வண்டியை 70 ஹெச்பி வண்டி மேட்டில் தாண்டிப் போவது இதனால்தான். மேட்டு என்ஜினை உச்சியில் அளக்கக் கூடாது. கியர் மாற்றியதும் விழுகிற அந்தப் பள்ளத்தில் எவ்வளவு இழுக்கிறது என்று அளக்க வேண்டும்.

சைலன்சர் விஷயத்தை யாருமே பேசுவதில்லை. டூ ஸ்ட்ரோக்கின் வயிறு பெருத்த சைலன்சர் சத்தத்தை அடக்குவதற்கு மட்டும் இல்லை. எக்ஸாஸ்ட்டில் கிளம்பிய அழுத்த அலை உள்ளே போய் மோதித் திரும்பி வந்து, வெளியே தப்பிய புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் மறுபடி தள்ளுகிறது. அலை சரியான நேரத்துக்கு வந்தால்தான் பவர். உள்ளே வாயு சூடாக ஆக அலையின் வேகம் கூடும், அதனால் பவர் கிடைக்கும் ஆர்பிஎம்மும் மேலே நகரும். நான்கு நொடி ஓட்டத்தில் பைப் (இந்த சைலன்சரைத்தான் சொல்கிறேன்) அவ்வளவாகச் சூடாகாது. ஆனால் முழு திராட்டிலில் பதினைந்து நொடி ஏறினால் பைப் கொதிக்கும். மேடு செங்குத்தாகி ஆர்பிஎம் கீழே இறங்கும் நேரம் பார்த்து, பைப் இன்னும் மேல் ஆர்பிஎம்மைக் கேட்கும்! டிராக் பைப்போடு மேட்டுக்குப் போகிறவர்கள் "பாதி வரைக்கும் நல்லாப் போச்சு, அப்புறம் மூச்சு வாங்குது" என்று சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

போன சீசனில் ஒரு தம்பியின் என்ஜினைப் பிரித்தேன். பிஸ்டன் தலையில் விரல் நுழையும் ஓட்டை. வேறொரு பட்டறையில் டிராக் ஜெட்டிங், டிராக் டைமிங், இறுக்கிய ஹெட் எல்லாம் போட்டு, "மேட்டுக்கும் தாராளமாப் போகலாம்" என்று அனுப்பியிருக்கிறார்கள். நான்கு நொடிக்குத் தாங்கும் பிஸ்டன் பதினைந்து நொடிச் சுமையில் சூடேறி, பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டத் தொடங்கி, அலுமினியம் உருகியிருக்கிறது. பணம் போனதைவிட எனக்கு உறைத்தது, அந்தப் பையன் அப்போது மேட்டில் பாதி உயரத்தில் இருந்தான் என்பது. செங்குத்தில் என்ஜின் நின்றால் வண்டி பின்னோக்கிச் சரியும், பக்கவாட்டில் திரும்பினால் உருளும். கடவுள் புண்ணியத்தில் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படி ஒரு என்ஜினை ஒருவன் கையில் கொடுத்து அனுப்ப எப்படி மனசு வருகிறது?

சரி, மேட்டுக்கு என்ன கட்டலாம்? என் சிபாரிசு முதலில் கிராங்க். நான்கு மி.மீ. கூடுதல் ஸ்ட்ரோக் போட்டால் பழைய சிலிண்டரிலேயே 373 சிசி வரும். காசு இருந்தால் அதே கிராங்கோடு 68 மி.மீ. 'கப்' (Cub) என்கிற பெரிய சிலிண்டர், அது 421 சிசி. கூடுகிற சிசி நடு ஆர்பிஎம்முக்கு இழுவை கொடுக்கிறது, மேட்டில் சோறு போடுவது அதுதான். எக்ஸாஸ்ட் போர்ட்டை மிதமாக அறுங்கள். கிராங்க் சுற்றில் 200 டிகிரியைத் தாண்டி திறந்து வைப்பதெல்லாம் டிராக்குக்கு இருக்கட்டும். நடு ஆர்பிஎம் பைப், பெரிய ரேடியேட்டர், ஒரு சைஸ் தாராளமான மெயின் ஜெட், கொஞ்சம் அடக்கிய டைமிங். ஆர்பிஎம் ஏற ஏறக் கிளட்சை இறுக்கும் லாக்-அப்பை மறக்கவே வேண்டாம். மேட்டில் கிளட்ச் வழுக்கினால் பிளேட் கருகிவிடும். மெத்தனால் போட ஆசைப்படுகிறவர்களுக்கும் மறுப்பு சொல்லமாட்டேன், அது உள்ளே ஆவியாகும்போது நன்றாகக் குளிர்விக்கும். ஆனால் பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் குடிக்கும், கார்புரேட்டரை அதற்கென்றே தயார் செய்ய வேண்டும், ஓடி முடித்ததும் கழுவாமல் விட்டால் உள்ளே அரித்துவிடும்.

ராப்டர் 700 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. 686 சிசி ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக், கீழிருந்தே இழுக்கும். அங்கேயும் டிராக் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டு அந்தக் கீழ் இழுவையைக் கெடுத்துக்கொள்ளாமல் இருந்தால் சரி.

கலிபோர்னியாவின் கிளாமிஸில் ஓல்ட்ஸ்மொபைல் மேடு, யூட்டாவில் கிட்டத்தட்ட 700 அடி உயரமுள்ள சாண்ட் மவுண்டன் போன்ற இடங்களில் ஓட்டுகிறவர்களின் வீடியோவைப் பார்த்து இங்கே பையன்கள் பார்ட்ஸ் பட்டியல் எடுக்கிறார்கள். எடுங்கள், தப்பில்லை. அந்த வண்டி 300 அடிக்குக் கட்டியதா, மேட்டுக்குக் கட்டியதா என்று மட்டும் முதலில் பாருங்கள். பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மார்களிடம் ஒரு வேண்டுகோள்: பில்லில் என்ஜின் எதற்குக் கட்டியது என்று எழுதிக் கொடுங்கள். முழு திராட்டிலில் எத்தனை நொடி ஓட்டலாம் என்றும் அதிலேயே எழுதுங்கள். எங்கள் பட்டறையில் இந்த சீசனிலிருந்து அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறோம். டிராக்குக்குக் கட்டிய வண்டியோடு மொரீப் போகிறேன் என்று யாராவது சொன்னால், ஹெட்டையும் ஜெட்டையும் பைப்பையும் மாற்றாமல் சாவியைக் கொடுப்பதில்லை.